80சி போன பிறகு... ஓய்வுக்காலப் பணத்தை எங்கே வைப்பது?

2021 மார்ச் 31, புதன்கிழமை. நிதியாண்டின் கடைசி நாள். வங்கிகளும் அஞ்சலகங்களும் கணக்கு முடித்துக் கதவைச் சாத்தும் நேரத்தில் மத்திய நிதியமைச்சகத்திடமிருந்து ஓர் அறிவிப்பு வந்தது. சிறுசேமிப்புகளுக்கான வட்டி குறைகிறது. பொது வருங்கால வைப்பு நிதியான பி.பி.எஃப். 7.1 சதவிகிதத்திலிருந்து 6.4. மூத்த குடிமக்கள் திட்டம் 7.4-லிருந்து 6.5. அஞ்சலக சேமிப்புக் கணக்குகூடத் தப்பவில்லை, நாலிலிருந்து மூன்றரை. இரவு முழுக்க வாட்ஸ்அப் குழுக்களில் இதே பேச்சு. மேற்கு வங்கத்தில் மறுநாள் இரண்டாம் கட்ட வாக்குப்பதிவு. தமிழ்நாட்டில் தேர்தலுக்கு ஆறே நாள்.

மறுநாள் காலை, பலர் காபி குடித்து முடிப்பதற்குள், நிதியமைச்சர் நிர்மலா சீதாராமனின் ட்வீட் வந்தது: பழைய வட்டியே தொடரும், கவனக்குறைவால் வெளியான உத்தரவு திரும்பப் பெறப்படும்.

அந்த 7.1 சதவிகிதம் 2020 ஏப்ரலில் நிர்ணயமானது. 2025 முடியும்வரை அசையவில்லை. 'அரசாங்கத் திட்டம், கல்லில் செதுக்கியது மாதிரி' என்று நம்பி 15 ஆண்டுகளுக்குப் பணத்தைப் பூட்டிவைத்தவர்களுக்கு அந்த ஓர் இரவு பாடம் நடத்திவிட்டுப் போனது. பூட்டின் சாவி தங்களிடம் இல்லை என்பதே அந்தப் பாடம்.

அதற்குப் பிறகு வருமான வரியிலும் பெரிய மாற்றம் வந்துவிட்டது. மாதச் சம்பளக்காரர்கள் இரண்டு தலைமுறையாகக் கடைப்பிடித்த ஒரு வழக்கம், ஜனவரி வந்தால் வரிக் கழிவுக்காகச் சேமிப்பு 'புரூஃப்' கொடுப்பது, பல அலுவலகங்களில் தேய்ந்துகொண்டிருக்கிறது. ஹெச்.ஆர். கேட்பதில்லை, ஊழியரும் கொடுப்பதில்லை. வரிச் சலுகைக்காகச் சேமித்த கூட்டம் இப்போது ஆடிட்டர்களிடமும் முதலீட்டு ஆலோசகர்களிடமும் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "வரிக் கழிவே இல்லைன்னா பி.பி.எஃப்., என்.பி.எஸ். எல்லாம் எதுக்கு? பேசாம மியூச்சுவல் ஃபண்டுல போட்டுட்டு, லாபத்துக்கு வரி கட்டிட்டுப் போயிடலாமே?"

நியாயமான கேள்வி. ஆனால், எல்லோருக்கும் ஒரே பதில் பொருந்தாது.

## இரண்டு கதவையும் திறந்த சிவகங்கைக்காரர்

2004 ஜூலை பட்ஜெட்டில், அப்போதைய சிவகங்கை எம்.பி.யும் நிதியமைச்சருமான ப.சிதம்பரம், பங்குகளில் கிடைக்கும் நீண்டகால லாபத்துக்கு வரியை எடுத்துவிட்டு, பரிவர்த்தனை வரியைக் கொண்டுவந்தார். அடுத்த ஆண்டே வருமான வரிச் சட்டத்தில் பழைய 88-வது பிரிவு போய், சேமிப்புக்கு வரிக் கழிவு தரும் 80சி வந்தது. பி.எஃப்., எல்.ஐ.சி., பி.பி.எஃப்., வீட்டுக்கடன் அசல், பிள்ளைகளின் பள்ளிக் கட்டணம் எல்லாம் ஒரே கூரைக்குள் வந்தன. உச்சவரம்பு ஒரு லட்சம். 2014-ல் அப்போதைய நிதியமைச்சர் அருண் ஜெட்லி அதை ஒன்றரை லட்சமாக்கினார். அதோடு சரி, பிறகு உயரவில்லை.

மதுரையில் பிறந்த நிர்மலா சீதாராமன் 2020-ல் கழிவுகள் இல்லாத புதிய வரிமுறையை அறிமுகப்படுத்தினார். ஆரம்பத்தில் சீந்துவாரில்லை. 2023-ல் அதுவே இயல்பு முறையானது. பழையது வேண்டுமென்றால் கேட்டு வாங்க வேண்டும். 2025 பட்ஜெட்டில் 12 லட்சம் ரூபாய் வரை வரியே இல்லை என்று அறிவித்ததும், பெரும்பாலான நடுத்தரக் குடும்பங்களுக்கு விவாதம் முடிந்துவிட்டது. 2026 ஏப்ரலிலிருந்து பொருந்தும் புதிய வருமான வரிச் சட்டத்தில் 80சி என்ற எண்ணே கிடையாது. அது 123-வது பிரிவாகிறது.

> பெட்டிச் செய்தி: புதிய முறை, 2025-26
>
> 4 லட்சம் வரை: வரி இல்லை
> 4 – 8 லட்சம்: 5 சதவிகிதம்
> 8 – 12 லட்சம்: 10
> 12 – 16 லட்சம்: 15
> 16 – 20 லட்சம்: 20
> 20 – 24 லட்சம்: 25
> அதற்கு மேல்: 30
>
> மொத்த வருமானம் 12 லட்சத்துக்குள் இருந்தால் முழுத் தள்ளுபடி. சம்பளக்காரர்களுக்கு 75,000 ரூபாய் நிலையான கழிவு சேர்வதால் 12.75 லட்சம் வரை வரி இல்லை. பங்கு, பங்கு சார்ந்த ஃபண்டுகளின் லாபத்துக்கு இந்தத் தள்ளுபடி கிடையாது.

பழைய முறையில் இன்னும் தங்கியிருப்பவர்கள் யார்? ஆண்டுக்கு 20 லட்சம் சம்பளம் வாங்கும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். புதிய முறையில் அவருக்கு வரி 1,92,400 ரூபாய். பழைய முறையில் இதைவிடக் குறைய வேண்டுமானால், நிலையான கழிவு போக, ஏழு லட்சத்துக்கும் மேல் கழிவுகள் காட்ட வேண்டும். 80சி-யில் ஒன்றரை லட்சம், தேசிய ஓய்வூதியத் திட்டமான என்.பி.எஸ்.ஸுக்கான கூடுதல் 50,000, வீட்டுக்கடன் வட்டி இரண்டு லட்சம் மூன்றையும் கூட்டினாலும் நாலு லட்சம்தான் வருகிறது. மீதி மூன்று லட்சம் வாடகைப்படி போன்றவற்றிலிருந்து வர வேண்டும். சென்னையில் பெரிய வாடகை கொடுத்துக்கொண்டு, இன்னொரு ஊரில் வீட்டுக்கடனும் கட்டுகிறவருக்கு இது சாத்தியம். மற்றவர்கள் ஒருமுறை கணக்கு போட்டுப் பார்த்துவிட்டுப் புதிய முறைக்கு நகர்ந்துவிடலாம்.

## உள்ளே வரும்போது கொடுத்த மிட்டாய்

முப்பது சதவிகித வரி வரம்பில் இருந்தவருக்கு 80சி மூலம் ஆண்டுக்கு 46,800 ரூபாய் மிச்சமானது. இந்தத் தொகை கண்ணுக்கு நேரே தெரிந்ததால், எதில் போடுகிறோம் என்பதைப் பலர் பார்க்கவே இல்லை. பிப்ரவரி கடைசி வாரத்தில் தெரிந்த ஏஜென்ட் நீட்டிய எண்டோவ்மென்ட் பாலிசியில் கையெழுத்துப் போட்டவர்கள் எத்தனை பேர்! ஐந்து, ஆறு சதவிகிதம் வருவாய் தரும் பாலிசிக்கு 20 ஆண்டுகள் பிரீமியம் கட்டியிருப்பார்கள். காப்பீட்டுத் தொகையோ ஓராண்டுச் சம்பளத்துக்குக்கூடக் காணாது.

அந்த மிட்டாய் இப்போது இல்லை. அதில் ஒரு நன்மையும் இருக்கிறது. இனி ஒரு திட்டத்தைப் பார்க்கும்போது, உள்ளே போகையில் என்ன கிடைக்கும் என்ற கேள்வி மறைந்து, வெளியே வரும்போது என்ன மிஞ்சும் என்ற கேள்விதான் நிற்கிறது. முப்பது ஆண்டுச் சேமிப்புக்கு அதுதான் முதல் கேள்வியாக இருந்திருக்க வேண்டும்.

ஒரு குழப்பத்தை இங்கேயே தீர்த்துவிடலாம். 'புதிய முறைக்குப் போய்விட்டேன், இனி பி.பி.எஃப். வட்டிக்கும் வரி வருமா?' என்று பலர் பயப்படுகிறார்கள். வராது. போடும் பணத்துக்கான கழிவுதான் போயிற்று. வட்டிக்கும் முதிர்வுத் தொகைக்குமான விலக்கு இரண்டு முறையிலும் அப்படியே இருக்கிறது. பி.பி.எஃப். கணக்கை உயிரோடு வைத்திருக்க ஆண்டுக்கு 500 ரூபாய் போட்டால் போதும்.

## வரியின் உண்மையான விலை

'ஃபண்டுல போட்டா லாபத்துல வரி பிடிச்சிடுவாங்களே' என்பது இன்னொரு பயம். எவ்வளவு பிடிப்பார்கள்? 2024 ஜூலை 23 முதல், ஓராண்டுக்கு மேல் வைத்திருந்த பங்கு ஃபண்டுகளின் லாபத்துக்கு 12.5 சதவிகிதம். அதிலும் ஆண்டுக்கு முதல் 1.25 லட்சம் ரூபாய் லாபத்துக்கு வரி கிடையாது. ஓராண்டுக்குள் விற்றால் 20 சதவிகிதம்.

ஆண்டுக்கு ஒன்றரை லட்சம் வீதம் 15 ஆண்டுகள் போடும் இரண்டு பேரை ஒப்பிடலாம். ஒருவர் பி.பி.எஃப்., மற்றவர் இண்டெக்ஸ் ஃபண்டு. இருவரும் போட்ட பணம் 22.5 லட்சம்.

> பெட்டிச் செய்தி: 15 ஆண்டு முடிவில் கையில் மிஞ்சுவது
>
> பி.பி.எஃப்., 7.1 சதவிகிதம் நீடித்தால்: 40.68 லட்சம்
> ஃபண்டு 5 சதவிகிதம் வளர்ந்தால்: 32.66 லட்சம்
> ஃபண்டு 7.8 சதவிகிதம் வளர்ந்தால்: ஏறத்தாழ பி.பி.எஃப். அளவு
> ஃபண்டு 10 சதவிகிதம் வளர்ந்தால்: 48.70 லட்சம்
>
> (ஒவ்வோர் ஆண்டின் தொடக்கத்திலும் பணம் போட்டு, கடைசியில் மொத்தமாக ஒரே ஆண்டில் விற்று, செஸ்ஸுடன் வரி கட்டிய பிறகு. வளர்ச்சி விகிதங்கள் கணக்குக்காக எடுத்துக்கொண்டவை.)

பெட்டியின் மூன்றாவது வரியில்தான் விஷயம் இருக்கிறது. பி.பி.எஃப்.பின் வரிவிலக்கை ஈடுகட்ட, ஃபண்டு ஆண்டுக்கு 0.7 சதவிகிதம் கூடுதலாக வளர்ந்தால் போதும். அதாவது, பங்கு ஃபண்டுக்கும் பி.பி.எஃப்.புக்கும் இடையே முடிவெடுக்கும்போது வரிக்கு மிகச் சிறிய பாத்திரம்தான். சந்தை ஐந்து தருமா, பத்து தருமா என்பதே பெரிய கேள்வி. அதற்கு எந்த ஆடிட்டரிடமும் பதில் கிடையாது.

ஆண்டுதோறும் 1.25 லட்சம் லாபத்துக்கு உரிய யூனிட்களை விற்று, மறுபடி வாங்கிப்போடுகிறவர்கள் இந்த 0.7-ஐயும் குறைத்துக்கொள்கிறார்கள். சட்டப்படி அதற்குத் தடை இல்லை. நாலு கிளிக் வேலைதான், ஆனால் மார்ச் மாதத்தில் அதை ஞாபகம் வைத்துச் செய்கிறவர்கள் சொற்பம்.

## நிஜமான எதிராளி எஃப்.டி.

அப்படியென்றால் வரிவிலக்குள்ள கணக்குகளால் பயனே இல்லையா? இருக்கிறது. ஆனால் நாம் ஒப்பிட வேண்டிய இடம் வேறு.

வங்கி எஃப்.டி. வட்டி ஆண்டுதோறும் வருமானத்தோடு சேர்ந்து, அவரவர் வரம்புக்கேற்ப வரிக்கு உள்ளாகிறது. 2023 ஏப்ரலுக்குப் பிறகு வாங்கிய கடன் பத்திர ஃபண்டுகளுக்கும் இதே கதி. முன்பிருந்த பணவீக்கச் சலுகை போய்விட்டது. முப்பது சதவிகித வரம்பில் இருப்பவருக்கு ஏழு சதவிகித எஃப்.டி., வரி போக 4.8 சதவிகிதம்தான் தருகிறது. விலைவாசி ஏற்றத்துக்கே அது சரியாகிவிடும். அதே ஆளுக்கு பி.பி.எஃப்.பின் 7.1, வரி கட்டும் எஃப்.டி.யாக இருந்தால் 10.3 சதவிகிதத்துக்குச் சமம். 2024-25-க்கு இ.பி.எஃப்., அதாவது ஊழியர் பி.எஃப்., கொடுத்த 8.25 சதவிகிதமோ ஏறக்குறைய 12 சதவிகித எஃப்.டி.க்குச் சமம். அந்த வட்டியை எந்த நல்ல வங்கியும் தராது. யாராவது தருவதாகச் சொன்னால் ஓடிவிடுவது நல்லது.

ஆக, சேமிப்பில் ஆபத்தில்லாத பகுதிக்கு பி.எஃப்., பி.பி.எஃப்.; சந்தையை நம்பும் பகுதிக்கு வரி கட்டும் ஃபண்டு. வரி அதிகம் கட்டுகிறவர்களுக்கு இந்தப் பிரிப்புதான் பொருத்தம். 'இதுவா அதுவா' என்ற சண்டையில் பாதி இதிலேயே கரைந்துவிடும். சம்பளத்தில் கட்டாயமாகப் பிடிக்கும் 12 சதவிகிதத்துக்கு மேல், விருப்பப்பட்டுக் கூடுதலாகப் பிடிக்கச் சொல்லும் வி.பி.எஃப். வசதி பல நிறுவனங்களில் இருக்கிறது. ஒரே கட்டுப்பாடு: 2021 பட்ஜெட்டுக்குப் பிறகு, ஊழியரின் பங்கு ஆண்டுக்கு இரண்டரை லட்சத்தைத் தாண்டினால், அந்தக் கூடுதல் தொகையின் வட்டிக்கு வரி உண்டு. மாதத்துக்கு 20,833 ரூபாய். அதோடு நிறுத்திக்கொள்ளலாம்.

இன்னொரு பக்கம், மொத்த வருமானம் 12 லட்சத்துக்குள் இருக்கும் குடும்பம். இவர்களுக்கு எஃப்.டி. வட்டியையும் சேர்த்தே வரி பூஜ்யம். வரியே கட்டாதவருக்கு வரிவிலக்குள்ள கணக்கு என்ன கொடுத்துவிடப் போகிறது? ஏழு சதவிகித எஃப்.டி.யும் 7.1 சதவிகித பி.பி.எஃப்.பும் இன்று அவருக்கு ஏறக்குறைய ஒன்றே. 15 ஆண்டுகள் பூட்டிவைப்பதற்கு அவர் வாங்கும் கூலி 0.1 சதவிகிதம். சம்பளம் உயர்ந்து வரி வரம்புக்குள் போன பிறகுதான் பி.பி.எஃப். தன் பலத்தைக் காட்டும்.

இதில் ஒரு விசித்திரம். அதே குடும்பம் பங்கு ஃபண்டில் 1.25 லட்சத்துக்கு மேல் லாபம் எடுத்தால், 12.5 சதவிகித வரி உண்டு. சம்பளத்துக்கு வரி இல்லை, எஃப்.டி. வட்டிக்கு வரி இல்லை, பல வருடம் பொறுத்துக் காத்திருந்த ஃபண்டு லாபத்துக்கு மட்டும் வரி! குறைந்த வருமானக்காரர்களைச் சந்தைக்கு அழைத்துவந்த அரசு செய்திருக்க வேண்டிய வேலை இதுவல்ல.

## சாவி யார் கையில்?

வரி கட்டும் முதலீட்டை ஆதரிப்பவர்களின் வாதம், 'அரசு எப்ப வேணா விதியை மாத்தும்'. உண்மை. 2016 பிப்ரவரி 29 பட்ஜெட்டில், இ.பி.எஃப்.பிலிருந்து எடுக்கும் பணத்தில் 60 சதவிகிதத்துக்கு வரி என்று ஜெட்லி அறிவித்தார். எதிர்ப்பு கிளம்பியது. மார்ச் 8 அன்று திரும்பப் பெற்றார்.

அடுத்த மாதமே இன்னொன்று. வேலையை விட்டால் நிறுவனத்தின் பங்கை 58 வயதுவரை எடுக்க முடியாது என்ற புதிய விதியை எதிர்த்து, பெங்களூரு ஆயத்த ஆடைத் தொழிலாளர்கள் ஏப்ரல் 18, 19 தேதிகளில் தெருவுக்கு வந்தார்கள். பெரும்பாலும் பெண்கள். ஓசூர் சாலை ஸ்தம்பித்தது. பேருந்துகள் எரிந்தன. 19-ம் தேதியே அந்த விதி ரத்தானது. மகள் கல்யாணத்துக்கும் ஊரில் கூரை மாற்றுவதற்கும் அந்தப் பணம்தான் அவர்களிடம் இருந்த ஒரே மொத்தத் தொகை. 58 வயது என்பது டெல்லியில் உட்கார்ந்திருப்பவர்களுக்கு ஓர் எண். நாள் முழுக்கத் தையல் மெஷினில் குனிந்திருப்பவருக்கு அது வெகுதூரம்.

2025 அக்டோபரில் மறுபடி மாற்றம். பணம் எடுப்பதற்கான 13 பிரிவுகளை ஒன்றாக்கி எளிமைப்படுத்திய இ.பி.எஃப்.ஓ. அறங்காவலர் குழு, கணக்கில் 25 சதவிகிதம் எப்போதும் இருக்க வேண்டும் என்றும், வேலை இழந்தவர் கணக்கை முழுதாக முடிக்க இரண்டு மாதத்துக்குப் பதில் 12 மாதம் காத்திருக்க வேண்டும் என்றும் முடிவெடுத்தது. எளிமையும் பூட்டும் ஒரே தீர்மானத்தில்.

ஆனால், மியூச்சுவல் ஃபண்டு பக்கம் விதிகள் மாறாமலா இருந்தன? 2004-ல் போன நீண்டகால லாப வரி 2018-ல் பத்து சதவிகிதமாகத் திரும்பி வந்தது. 2023-ல் கடன் ஃபண்டுகளின் சலுகை போயிற்று. 2024-ல் பத்து, பன்னிரண்டரை ஆனது. இரண்டு பக்கத்தையும் அருகருகே வைத்தால் வேறுபாடு ஒன்று தெரிகிறது. பி.எஃப். மீது கை வைத்தபோதெல்லாம் தெருவிலோ ட்விட்டரிலோ எதிர்ப்பு எழுந்து, சில தடவை அரசு பின்வாங்கியது. ஃபண்டு லாப வரியை உயர்த்தியபோது சந்தை ஒரு நாள் முகம் சுளித்துவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விட்டது. எதை அடுத்து உயர்த்துவது எளிது என்று நிதியமைச்சக அதிகாரிகளுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

பூட்டுக்கும் பயன் உண்டு. 2008 ஜனவரியில் 21,000-ஐத் தொட்ட சென்செக்ஸ், அந்த அக்டோபரில் 8,000-களில் நின்றது. 2020-ல் ஜனவரியில் 42,000. மார்ச் 23 அன்று 26,000-க்கும் கீழே. அப்படிப்பட்ட வாரங்களில் ஃபண்டை விற்க ஒரு விரல் அசைவு போதும். பி.பி.எஃப்.பை எடுக்க ஏழாவது ஆண்டுவரை காத்திருக்க வேண்டும். அதுவும் ஒரு பகுதிதான். தொழில் நொடித்துக் கடன்காரர்கள் வழக்குப் போட்டாலும், பி.பி.எஃப். கணக்கை நீதிமன்றம் ஜப்தி செய்ய முடியாது. சொந்தத் தொழில் செய்பவர்கள் இந்த ஒரு காரணத்துக்காகவே ஒரு கணக்கு வைத்திருக்கலாம். ஃபண்டு யூனிட்களுக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை.

மியூச்சுவல் ஃபண்டுகளுக்கு எஸ்.ஐ.பி. வழியாக வரும் மாதாந்திர முதலீடு 2024 ஏப்ரலில் 20,000 கோடி ரூபாயைத் தாண்டியது; 2025 அக்டோபரில் 29,000 கோடிக்கு மேல். இதில் ஒரு பகுதி, 2020-க்குப் பிறகு சந்தைக்கு வந்து, நீண்ட சரிவு எதையும் பார்த்திராதவர்களின் பணம். பணத்தை உடைக்க முடியாத இடத்தில் வைத்திருந்த ஒரு தலைமுறை, இப்போது உடைக்க மிகச் சுலபமான இடத்துக்கு வந்திருக்கிறது.

## மிச்சமிருக்கும் ஒரே பின்வாசல்

புதிய முறையில் எல்லாக் கழிவும் போய்விட்டது என்பது முழு உண்மை அல்ல. நிறுவனம் ஊழியரின் பெயரில் என்.பி.எஸ்.ஸில் செலுத்தும் தொகைக்கு விலக்கு தொடர்கிறது. 2024 ஜூலை பட்ஜெட்டில் தனியார் ஊழியர்களுக்கும் இதை அடிப்படைச் சம்பளத்தில் 14 சதவிகிதமாக உயர்த்தினார்கள்.

மாத பேசிக் 80,000 ரூபாய் என்றால், ஆண்டுக்கு 1,34,400 ரூபாய் வரி இல்லாமல் என்.பி.எஸ்.ஸுக்குப் போகும். 20 சதவிகித வரம்பில் இருப்பவருக்கு ஏறத்தாழ 28,000 ரூபாய் மிச்சம். நிறுவனத்துக்குக் கூடுதல் செலவில்லை, இருக்கும் சி.டி.சி.க்குள்ளேயே இந்தத் தொகையைப் பிரித்துக் காட்டினால் போதும். ஆனால் அது நிறுவனம் செய்ய வேண்டிய ஏற்பாடு. ஊழியர் கேட்டால்தான் பல இடங்களில் நடக்கிறது. கேட்க வேண்டிய காலம் ஏப்ரல். ஜனவரியில் கேட்டால், 'அடுத்த வருஷம் பார்க்கலாம்' என்பார்கள்.

வரியை இன்று தள்ளிப்போட்டு, பிற்காலத்தில் கட்டுவது என்ற ஏற்பாட்டின் அசல் வடிவம் இதுதான். எனவே, பிற்காலத்தில் என்ன நடக்கும் என்று பார்க்காமல் கையெழுத்துப் போடக் கூடாது. 60 வயதில் மொத்தத் தொகையில் 60 சதவிகிதம் வரியின்றிக் கையில் வரும். மீதி முழுவதுக்கும் ஆயுள் ஓய்வூதியம் வாங்க வேண்டும் என்பதே 2025 டிசம்பர் வரை விதியாக இருந்தது. மாதாமாதம் வரும் அந்த ஓய்வூதியம் வருமானமாகக் கருதப்பட்டு வரிக்கு உள்ளாகும். 2025 டிசம்பரில் ஓய்வூதிய ஒழுங்குமுறை ஆணையம், அரசு சாரா சந்தாதாரர்கள் 80 சதவிகிதம் வரை மொத்தமாக எடுக்கலாம் என்று தளர்த்தியது. ஆனால் அப்போது வரிச் சட்டத்தில் எழுதியிருந்த விலக்கு 60 சதவிகிதத்தோடு நின்றிருந்தது. ஒரு துறை திறந்த கதவை இன்னொரு துறை கவனிக்காமல் விடுவது நமக்குப் புதிதல்ல.

ஓய்வூதியத்தில் இன்னொரு சங்கடம், தொகை உயராது. வழக்கமான திட்டத்தில் 60 வயதில் மாதம் 25,000 என்று தொடங்கினால், 80 வயதிலும் அதே 25,000. மருத்துவச் செலவு மட்டும் வயதோடு ஏறும். இருந்தாலும், கணக்கு நடைமுறையில் சாதகமாகவே விழும். வேலையில் இருக்கும்போது 20, 30 சதவிகித வரி கட்டுகிறவர், ஓய்வுக்குப் பிறகு 12 லட்சத்துக்குள் வருமானம் வந்தால் பூஜ்ய வரியில் இருப்பார். அதிக வரியில் தப்பித்து, குறைந்த வரியில் கட்டுவதுதான் தள்ளிப்போடுவதன் லாபம். ஓய்வுக்குப் பிறகும் வாடகை, வட்டி என்று பெரிய வருமானம் வரும் வீடுகளில் இந்த லாபம் சுருங்கும்.

> பெட்டிச் செய்தி: டல்லாஸில் இருக்கும் மகனுக்கு
>
> அமெரிக்காவில் வேலை பார்க்கும் தமிழர்களுக்கு இதே கேள்வி 401(கே) என்ற பெயரில் வருகிறது. 2026-ல் ஊழியர் அதில் 24,500 டாலர் வரை போடலாம். நிறுவனம் தன் பங்காகச் சேர்க்கும் தொகை இருந்தால், அதை முழுதாகப் பெறும் அளவுக்காவது போடுவதே முதல் வேலை. 59½ வயதுக்கு முன் எடுத்தால், வரியோடு பொதுவாகப் பத்து சதவிகித அபராதமும் உண்டு.
>
> அமெரிக்காவில் வரி கட்டிக்கொண்டே ஊரில் மியூச்சுவல் ஃபண்டு வாங்குபவர்கள் கவனிக்க வேண்டும். அமெரிக்கச் சட்டப்படி அவை 'பி.எஃப்.ஐ.சி.' என்ற வகையில் வந்து, கடுமையான வரிக்கும் சிக்கலான படிவங்களுக்கும் இழுத்துவிடும். இந்தியாவில் வரியில்லாத பி.பி.எஃப். வட்டிக்கும் அங்கே விலக்கு இல்லை.
>
> ஊர் திரும்பிய பிறகு 401(கே)-யின் ஆண்டு வளர்ச்சிக்கு இந்தியாவில் வரி விழாமல், பணம் எடுக்கும்போது மட்டும் விழும்படி 2021-ல் 89ஏ என்ற பிரிவு வந்தது. அமெரிக்கா, பிரிட்டன், கனடா மூன்றுக்கும் பொருந்தும். 10-இஇ படிவம் கொடுக்க வேண்டும். ஒருமுறை கொடுத்தால் முடிவை மாற்ற முடியாது.

## யாருக்கு எது?

மாதம் 60,000 சம்பளத்தில் ஓசூரில் வேலை பார்க்கும் 28 வயதுக்காரர் வரியைப் பற்றிக் கவலைப்படவே தேவையில்லை. கட்டாய பி.எஃப். ஓடிக்கொண்டிருக்கிறது. அதுவே அவருடைய பத்திரமான பகுதி. ஆறு மாதச் செலவுக்கான பணத்தை எஃப்.டி.யில் வைத்துவிட்டு, மீதியை இண்டெக்ஸ் ஃபண்டில் போடலாம். அவர் பணத்துக்குப் பெரிய ஆபத்து வேலை மாறும்போதெல்லாம் பி.எஃப்.பை எடுத்துச் செலவழிப்பதுதான். ஐந்து ஆண்டுப் பணி முடியும் முன் எடுத்தால் அதற்கு வரியும் உண்டு. யூ.ஏ.என். எண்ணை வைத்துப் புதிய நிறுவனத்துக்கு மாற்றிக்கொண்டால், முந்தைய சர்வீஸும் கணக்கில் சேரும்.

நாற்பதைத் தாண்டி, 25 லட்சம் சம்பளம் வாங்குபவருக்குக் கணக்கு தலைகீழ். அவருக்கு எஃப்.டி. கசியும் பாத்திரம். வி.பி.எஃப்.பை இரண்டரை லட்சம் வரம்புவரை உயர்த்துவது, நிறுவனத்திடம் 14 சதவிகித என்.பி.எஸ். கேட்பது, பழைய பி.பி.எஃப். கணக்கை ஐந்தைந்து ஆண்டுகளாக நீட்டிப்பது, இவை மூன்றையும் முடித்துவிட்டு ஃபண்டுக்குப் போகலாம். நீட்டித்த பி.பி.எஃப்.புக்கு இன்னொரு வசதியும் உண்டு. புதிதாகப் பணம் போடாமல் தொடர்ந்தால், ஆண்டுக்கு ஒரு முறை வேண்டிய தொகையை எடுத்துக்கொள்ளலாம். 15 ஆண்டுப் பூட்டு முடிந்த கணக்கு, 7.1 சதவிகிதம் வரியின்றித் தரும் சேமிப்புக் கணக்காகிவிடுகிறது. இதைத் தெரியாமல் முதிர்ந்த அன்றே கணக்கை முடித்து, பணத்தை எஃப்.டி.க்கு மாற்றியவர்கள் ஏராளம்.

மனைவி பெயரில் போட்டால் வரி குறையும் என்பது வீடுகளில் ரொம்ப நாளாக ஓடும் யோசனை. கணவர் கொடுத்த பணத்தில் மனைவி பெயரில் ஃபண்டு வாங்கினால், அந்த லாபம் கணவரின் வருமானத்தோடு சேர்க்கப்படும். மனைவியின் சொந்தச் சம்பாத்தியத்தில், அல்லது அவருடைய பெற்றோர் கொடுத்த பணத்தில் வாங்கியிருந்தால் சேராது. வங்கிக் கணக்கில் எந்தப் பணம் எங்கிருந்து வந்தது என்ற தடயம் தெளிவாக இருக்க வேண்டும்.

ஓய்வு பெற்ற பிறகுதான் வரி கட்டும் ஃபண்டு தன் நெகிழ்வைக் காட்டுகிறது. வேறு வருமானம் ஏதும் இல்லாதவர், புதிய முறையின் அடிப்படை விலக்கான நாலு லட்சத்தையும் அதோடு 1.25 லட்சத்தையும் சேர்த்து, ஒரே ஆண்டில் 5.25 லட்சம் வரையிலான நீண்டகால லாபத்தை வரியின்றி எடுக்க முடியும். எடுக்கும் பணத்தில் போட்ட அசலும் சேர்ந்திருப்பதால், கைக்கு வரும் தொகை இன்னும் பெரிதாக இருக்கும். கணவன் மனைவி இருவரும் தனித்தனியாகச் சேர்த்திருந்தால் இரட்டிப்பு. பெரிய தொகை தேவைப்பட்டால், மார்ச்சில் ஒரு பாதி, ஏப்ரலில் மறுபாதி விற்று, இரண்டு நிதியாண்டுகளின் விலக்கையும் வாங்கிக்கொள்ளலாம். சந்தை விழுந்திருக்கும் ஆண்டில் ஃபண்டைத் தொடாமல், பி.பி.எஃப்.பிலிருந்து செலவுக்கு எடுக்கலாம். அதற்கு இரண்டு பக்கத்திலும் பணம் இருந்தாக வேண்டும். அந்தப் பங்கீட்டை 60 வயதுக்குச் சில ஆண்டுகள் முன்பே தொடங்கிவிட வேண்டியிருக்கும்.